'வில்லங்கம் இல்லை' என்ற காகிதம் சொல்வதும் சொல்லாததும்

"வில்லங்கம் போட்டுப் பார்த்தாச்சு, ஒண்ணும் இல்லை." முதல் வீடு வாங்கக் கிளம்புகிறவர்களில் பலர் இந்த ஒரு வரியை நம்பி அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் ஒரு வீடு கைமாறும்போது பத்துப் பன்னிரண்டு காகிதங்கள் வந்து விழும். ஒவ்வொன்றும் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும். இந்த எண்ணில், இந்தக் காலத்துக்குள் என்னென்ன பத்திரங்கள் பதிவாயின என்பதைச் சொல்வது வில்லங்கச் சான்று. வருவாய்த் துறைக் கணக்கில் யார் பெயர் இருக்கிறது என்பதைச் சொல்வது பட்டா. பதிவான கிரயப் பத்திரம்கூட, எழுதிக் கொடுத்தவருக்கு உரிமை இருந்தால்தான் செல்லும். அந்த உரிமையை விசாரித்து முடிவு சொல்வது சார்பதிவாளரின் வேலை அல்ல; அது உரிமையியல் நீதிமன்றத்தின் வேலை. ஆகவே வாங்குபவர்தான் எந்தக் காகிதத்திடம் எந்தக் கேள்வியைக் கேட்பது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

வில்லங்கத்திலிருந்தே தொடங்கலாம். பதிவுகள் இருந்தால் படிவம் 15-லும், எதுவும் இல்லையென்றால் படிவம் 16-லும் சான்று தருவார்கள். படிவம் 16 வந்தால் நிம்மதிப் பெருமூச்சு விடுகிறவர்கள் உண்டு. உண்மையில் அங்கேதான் சந்தேகம் வர வேண்டும். விற்கிறவர் 2011-இல் கிரயம் வாங்கியதாகச் சொல்கிறார், 1990 முதல் இன்றுவரை போட்ட வில்லங்கத்தில் ஒன்றுமே இல்லை என்றால், தேடிய எண் தவறு. சரியாகத் தேடியிருந்தால் அவருடைய சொந்தக் கிரயமாவது அதில் வந்தே தீர வேண்டும்.

எண் எப்படித் தவறுகிறது? 45/2 என்று இருந்த சர்வே எண் பின்னாளில் 45/2ஏ, 45/2பி என்று உட்பிரிவாகியிருக்கும். புதிய எண்ணில் மட்டும் தேடினால் பழைய எண்ணில் பதிவான அடமானம் கண்ணில் படாது. நகரங்களில் கிராம சர்வே எண் போய், வார்டு, பிளாக்கோடு நகர அளவை எண் வந்திருக்கும். இரண்டிலும் தேட வேண்டும். சில ஊர்கள் ஒரு சார்பதிவகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றப்பட்டிருக்கும். பழைய அலுவலகத்தின் பதிவுகளையும் கேட்க வேண்டும். பெரும்பாலான சார்பதிவகங்களின் 1975-க்குப் பிந்தைய பதிவுகளைப் பதிவுத் துறை இணையதளத்திலேயே கட்டணமின்றிப் பார்க்கலாம். அதற்கு முந்தையவற்றுக்கு மனுப் போட வேண்டும். குறைந்தது 30 ஆண்டுக்குப் பாருங்கள். தாய்ப்பத்திரம், அதாவது சொத்தின் உரிமை தொடங்கும் மூலப் பத்திரம், அதற்கும் முந்தையது என்றால், அதன் தேதி வரை பின்னால் போங்கள்.

சரியாகத் தேடினாலும் சில விஷயங்கள் வில்லங்கத்தில் வராது. பதிவு செய்யாத உயில், வாய்மொழிப் பாகப்பிரிவினை, நிலுவையில் உள்ள வழக்கு, சொத்துவரி பாக்கி, பத்திரத்தை வங்கியில் வைத்துப் பதிவு செய்யாமல் வாங்கிய கடன் எல்லாம் அந்தப் பட்டியல். வங்கிக் கடனுக்குச் செர்சாய் என்ற மத்தியப் பதிவேடு இருக்கிறது. சிறு கட்டணத்தில் யாரும் தேடலாம். வழக்குக்கு நீதிமன்ற வழக்குகளைத் தேடும் ஈ-கோர்ட்ஸ் தளத்தில் விற்பவர் பெயரைப் போட்டு, சொத்து இருக்கும் மாவட்டத்தின் நீதிமன்றங்களில் தேடிப் பாருங்கள். வழக்கு நடக்கும்போது சொத்தை வாங்கினால், அந்த வழக்கின் தீர்ப்பு வாங்கியவரையும் சேர்த்தே கட்டுப்படுத்தும். 'எனக்குத் தெரியாது' என்ற வாதம் அங்கே எடுபடாது.

வாரிசுகளை எண்ணுங்கள்

வில்லங்கத்தில் வராதவற்றில் அதிகம் காயப்படுத்துவது விடுபட்ட வாரிசு. உயில் எழுதாமல் இறந்த இந்து ஆணின் சொத்துக்கு முதல் வகுப்பு வாரிசுகள் மனைவி, மகன்கள், மகள்கள் மட்டுமல்ல. இறந்தவருடைய தாயும் ஒரு வாரிசு. இந்தத் தாயைத்தான் குடும்பமே மறந்துவிடும். கணவன் இறந்து, மனைவியும் பிள்ளைகளும் கையெழுத்துப் போட்டு வீட்டை விற்கிறார்கள் என்று வையுங்கள். கணவன் இறந்த தேதியில் அவர் தாய் உயிரோடு இருந்தாரா என்று கேளுங்கள். இருந்திருந்தால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. அவரும் பிறகு இறந்திருந்தால் அந்தப் பங்கு அவருடைய மற்றப் பிள்ளைகளுக்கும் போயிருக்கும். சித்தப்பாவும் அத்தையும் கையெழுத்திட வேண்டிய இடம் அது.

மகள்கள் விஷயத்தில் தேதிகள் முக்கியம். பரம்பரைச் சொத்தில் மணமாகாத மகள்களுக்குச் சம உரிமை தந்த தமிழ்நாட்டுத் திருத்தம் 1989 மார்ச் 25-இல் நடைமுறைக்கு வந்தது. 2005 செப்டம்பர் 9 முதல் மத்தியச் சட்டம் எல்லா மகள்களுக்கும் அதைத் தந்தது. அந்த உரிமை பிறப்பால் வருவது, 2005-இல் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவான பாகப்பிரிவினைகளையும் விற்பனைகளையும் அது தொடாது. 'கல்யாணத்துல நகை போட்டு அனுப்பியாச்சு' என்பது சட்டத்தின் கண்ணில் விடுதலைப் பத்திரம், அதாவது பங்கை விட்டுக்கொடுத்ததற்கான பத்திரம், ஆகாது. பதிவான விடுதலைப் பத்திரத்தையே கேளுங்கள், அல்லது மகளையும் கிரயத்தில் கையெழுத்திட வையுங்கள்.

மைனரின் தனிப் பங்கை நீதிமன்ற அனுமதி இல்லாமல் பெற்றோரே விற்றிருந்தால், அந்தப் பிள்ளை 18 வயதான பிறகு மூன்று ஆண்டுக்குள் அந்த விற்பனையை ரத்து செய்யக் கோரலாம். பத்திரங்களைப் படிக்கும்போது 'மைனருக்காகத் தாயார்' என்ற சொற்களைக் கண்டால் நிறுத்திக் கணக்குப் போடுங்கள்: அந்தக் குழந்தைக்கு இப்போது என்ன வயது?

பவர் பத்திரத்தை வைத்து ஒருவர் விற்கிறார் என்றால், பவர் எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, பவரை ரத்து செய்திருக்கிறாரா என்று இரண்டையும் பார்க்க வேண்டும். அவர் இறந்தால் பொதுவாக பவரும் முடிந்துவிடும். ஆயுள் சான்று கேட்பதோடு நிற்காமல், அவரிடமே போனில் பேசிவிடுவது நல்லது. பவரையும் பதிவில்லாத ஒப்பந்தத்தையும் வாங்கிக்கொண்டு 'வீடு நம்முடையது' என்று இருப்பவர்கள் இன்னும் உண்டு. பவர் மூலம் உரிமை மாறாது, பதிவான கிரயத்தில்தான் மாறும் என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது.

பட்டாவும் அளவும்

பட்டா உரிமைப் பத்திரம் அல்ல என்பதற்காக அதை ஒதுக்கிவிடக் கூடாது. இடம் புறம்போக்கா, நத்தமா, கோயில் நிலமா என்பதெல்லாம் வருவாய்க் கணக்கில்தான் தெரியும். பட்டாவோடு, நிலத்தின் வகையைச் சொல்லும் 'அ' பதிவேட்டுப் படியையும், நிலத்தின் அளவை வரைபடமான புலப்படத்தையும் எடுங்கள். புலப்படத்தில் ஓடையோ வாய்க்காலோ மனைக்குள் ஓடுகிறதா என்று பாருங்கள். தரையில் இன்று தூர்ந்து போயிருக்கலாம், ஆனால் தண்ணீர் பழைய வழியை மறப்பதில்லை. முடிச்சூரிலும் வேளச்சேரியிலும் 2015 டிசம்பரில் பார்த்தது அதைத்தான்.

அளவில் குழப்பம் வருவதற்குக் காரணம் அலகுகள். பத்திரம் சதுர அடியிலோ செண்டிலோ பேசும். பட்டா ஹெக்டேர், ஏர்ஸ் என்று பேசும். ஒரு செண்ட் 435.6 சதுர அடி, ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி, ஒரு ஏர்ஸ் ஏறக்குறைய 2.47 செண்ட். பட்டாவில் 0.02.00 என்று இருந்தால் 2 ஏர்ஸ், அதாவது சுமார் 2,153 சதுர அடி. பத்திரத்தில் 2,400 என்று எழுதி விலையும் அதற்கே பேசியிருந்தால் 247 சதுர அடி எங்கே என்று கேட்க வேண்டியிருக்கும். உரிமம் பெற்ற சர்வேயரை வைத்து, விற்பவர் முன்னிலையில் அளந்துவிடுங்கள். பத்திரம், பட்டா, தரை மூன்றில் எது குறைவோ அதற்குத்தான் பணம். நான்கெல்லையையும் பக்கத்து வீட்டுக்காரரோடு ஒப்பிடுங்கள். மனைக்குப் போகும் வழி பொதுப் பாதையா, இன்னொருவர் பட்டாவில் போகிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

மனையாக வாங்குகிறவர்களுக்கு இன்னொரு பள்ளம், 'பஞ்சாயத்து அப்ரூவல்'. மனைப்பிரிவுக்குச் சென்னைப் பெருநகரில் சிஎம்டிஏவும் (பெருநகர வளர்ச்சிக் குழுமம்) மற்ற இடங்களில் டிடிசிபியும் (நகர் ஊரமைப்பு இயக்ககம்) ஒப்புதல் தர வேண்டும். ஊராட்சித் தலைவரின் முத்திரை மட்டும் போதாது. அங்கீகாரம் இல்லாத மனைகளின் பதிவுக்கு 2016-இல் தடை வந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 20-க்குள் ஒரு மனையாவது விற்றிருந்த மனைப்பிரிவுகளை வரன்முறைப்படுத்த 2017-இல் விதிகள் வந்தன. ஏற்கெனவே மனையாகப் பதிவானவை மறுபடி பதிவாகும் என்பதால், 'பதிவாகுது சார், அப்புறம் என்ன?' என்பார்கள். பதிவாகும், ஆனால் வரன்முறை ஆணை இல்லாமல் கட்டட அனுமதியும் வங்கிக் கடனும் கிடைக்காமல் கிடக்கும். மனை எண்ணை ஒப்புதல் வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைப் பின்னாளில் மனையாக்கி விற்ற கதைகள் வரைபடத்தைப் பார்த்தாலே வெளிவந்துவிடும்.

அடுக்குமாடி என்றால்

ஃபிளாட்டில் வாங்குபவருக்குச் சொந்தமாக மிஞ்சுவது யுடிஎஸ் எனப்படும் பிரிபடாத நிலப் பங்கு. கட்டடத்துக்கு வயதாகும், நிலத்துக்கு ஆகாது. கணக்கு எளிது. 4,800 சதுர அடி நிலம், மொத்த விற்பனைப் பரப்பு 9,600 சதுர அடி என்றால், 1,200 சதுர அடி ஃபிளாட்டுக்கு 600 சதுர அடி யுடிஎஸ் வர வேண்டும். 450 என்று எழுதியிருந்தால் மீதி எங்கே? அனுமதியில் இல்லாத ஒரு மாடியைக் கட்டி அதற்குப் பங்கு ஒதுக்கியிருக்கலாம், பில்டர் தன் கையில் வைத்திருக்கலாம். எல்லாப் பங்குகளையும் கூட்டினால் நிலத்தின் மொத்த அளவு வருகிறதா என்று பார்க்க, அந்த வளாகத்தில் ஏற்கெனவே பதிவான மற்றக் கிரயங்களை வில்லங்கத்தில் எடுத்தாலே போதும். யாரும் செய்வதில்லை, அரை நாள் வேலை.

அனுமதி வரைபடத்தில் எத்தனை மாடி, ஒரு மாடிக்கு எத்தனை வீடு என்று எண்ணி, நேரில் நிற்கும் கட்டடத்தோடு ஒப்பிடுங்கள். மேல் மாடி விலை குறைவாக வருகிறதென்றால் முதலில் பார்க்க வேண்டியது இதுதான். நிலத்துக்காரரும் பில்டரும் சேர்ந்து செய்யும் திட்டமானால், நீங்கள் கேட்கும் ஃபிளாட் யாருடைய பங்கில் வருகிறது என்று கூட்டு ஒப்பந்தத்தில் பாருங்கள். நிலத்துக்காரர் பங்கு வீட்டைப் பில்டர் விற்றால் வழக்கு நிச்சயம்.

பரப்பு விஷயத்தில் மாடிப்படி, லிஃப்ட் போன்ற பொது இடங்களின் பங்கையும் சேர்த்துச் சொல்லும் 'சூப்பர் பில்ட்-அப்' என்ற சொல்லை விட்டுவிட்டு கார்ப்பெட் பரப்பைக் கேளுங்கள். 2016-இன் ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி அது உள் சுவர்களைச் சேர்த்தும், வெளிச் சுவர், பால்கனியை நீக்கியும் வரும் பரப்பு. 1,000 சதுர அடி என்று விற்கும் வீட்டில் 700 சொச்சம்தான் கால் வைக்கும் இடமாக இருப்பது சாதாரணம். இரண்டு திட்டங்களின் விலையை ஒப்பிட, மொத்த விலையைக் கார்ப்பெட் பரப்பால் வகுங்கள். மலிவாகத் தெரிந்தது பல நேரம் மலிவாக இருக்காது.

ரெரா தரும் பாதுகாப்பு கனமானது. பதிவான ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. வாங்கும் பணத்தில் 70 சதவீதம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும். கட்டமைப்புக் குறைபாட்டுக்கு, ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டு பில்டர் பொறுப்பு. சொன்ன தேதியில் தராவிட்டால் வட்டியோடு பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் 500 சதுர மீட்டருக்கு மிகாத நிலம், அல்லது எட்டு வீட்டுக்கு மிகாத திட்டம் என்றால் ரெரா பதிவு கட்டாயமில்லை. நம் ஊர்த் தெருக்களில் முளைக்கும் நான்கு வீட்டு, ஆறு வீட்டுக் கட்டடங்களில் பெரும்பாலானவை இந்த விலக்கில் வந்துவிடும். அங்கே உங்கள் ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதுதான் பெரும்பாலும் உங்களுக்கான சட்டம். கம்பி, சிமென்ட் பிராண்ட் முதல் ஒப்படைக்கும் தேதி, தாமதத்துக்கான தொகை வரை எழுத்தில் வாங்குங்கள்.

பணக் கணக்கு

ஒரு பழைய ஃபிளாட் 60 லட்சம் ரூபாய் என்று வையுங்கள். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு வங்கி அதிகபட்சம் மதிப்பில் 80 சதவீதம் தரலாம் என்பது ரிசர்வ் வங்கி வரம்பு. ஆக 48 லட்சம் கடன், 12 லட்சம் கைக்காசு. இந்த 12 லட்சத்தோடு கணக்கை முடிப்பதுதான் தவறு. மறுவிற்பனைக் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், மொத்தம் 5.4 லட்சம். இதற்கு வீட்டுக் கடன் கணக்கில் இடமில்லை. தரகு, வக்கீல், வங்கியின் செயலாக்கக் கட்டணம், பத்திர ஒப்படைப்புப் பதிவு (பத்திரத்தை வங்கியில் அடமானமாக வைத்ததற்கான பதிவு) எல்லாம் சேர்ந்தால் 20 லட்சத்தை நெருங்கும். வங்கியின் மதிப்பீட்டாளர் வீட்டை 55 லட்சம் என்று மதித்துவிட்டால் கடன் 44 லட்சமாகச் சுருங்கும். இன்னும் 4 லட்சம் தேட வேண்டும்.

அதே 60 லட்சத்துக்குப் பில்டரிடம் புதிய ஃபிளாட் என்றால் கணக்கு வேறு. 2023 டிசம்பர் 1 முதல் முதல் விற்பனை ஃபிளாட்டுகளுக்கு நிலமும் கட்டடமும் சேர்ந்த மதிப்பில் பதிவு: 50 லட்சம் வரை முத்திரைத் தீர்வை 4 சதவீதம், 3 கோடி வரை 5 சதவீதம், அதற்கு மேல் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 60 லட்சத்துக்கு 4.2 லட்சம். கட்டடம் நிறைவுச் சான்று பெறாத நிலையில் வாங்கினால் ஜிஎஸ்டி 5 சதவீதம், இன்னொரு 3 லட்சம். நிறைவுச் சான்று வந்த பிறகு வாங்கினால் ஜிஎஸ்டி இல்லை.

48 லட்சம், 8.5 சதவீதம், 20 ஆண்டு என்றால் மாதத் தவணை சுமார் 41,650 ரூபாய். முதல் மாதத்தில் அதில் 34,000 வட்டிக்கே போய்விடும். கடைசியில் கட்டியிருப்பது ஏறக்குறைய ஒரு கோடி. ஆண்டுக்கு ஒரே ஒரு தவணை கூடுதலாகக் கட்டினால் மூன்று ஆண்டுக்கு மேல் குறையும். தனிநபரின் மாறும் வட்டி வீட்டுக் கடனுக்கு முன்கூட்டிக் கட்டுவதற்கு அபராதம் கிடையாது. வட்டி ஏறும்போது வங்கிகள் தவணையைத் தொடாமல் காலத்தை நீட்டிவிடும், அதையும் ஆண்டுக்கு ஒருமுறை பாருங்கள். வரிச் சலுகைக்காக வீடு வாங்கச் சொல்பவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: புதிய வரி முறையில் சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக் கடன் வட்டிக்குக் கழிவே இல்லையே?

'பேங்க் அப்ரூவ் பண்ணிட்டாங்க' என்பதை வைத்து உரிமை சுத்தம் என்று முடிவு கட்ட வேண்டாம். வங்கி வக்கீல் வங்கியின் பணத்துக்காகப் பார்க்கிறார். சம்பளத்திலிருந்து வசூலாகும் என்ற தைரியம் வங்கிக்கு உண்டு. வீட்டை இழந்தால் இழப்பு உங்களுக்கு. தனியாக ஒரு வக்கீலிடம் கருத்துரை வாங்கும் செலவு, மேலே சொன்ன தொகைகளின் பக்கத்தில் சில்லறை.

விலையில் ஒரு பகுதியை ரொக்கமாகக் கேட்பது ஊரறிந்த பழக்கம். சொத்துக்காக 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகப் பெற்றால், பணத்தைப் பெற்ற விற்பவருக்கு அதே அளவு அபராதம் என்கிறது வருமான வரிச் சட்டம். உங்களுக்கும் நட்டம்தான்: பத்திரத்தில் குறைத்துக் காட்டிய தொகை, நாளை நீங்கள் விற்கும்போது உங்கள் லாபமாக நின்று வரி கேட்கும். மதிப்பு 50 லட்சத்தைத் தொட்டால் 1 சதவீதத்தை நீங்களே பிடித்து, விற்பவரின் பான் எண்ணில் அரசுக்குக் கட்ட வேண்டும். விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் விகிதம் பல மடங்கு. அப்போது ஆடிட்டர் இல்லாமல் ஒரு ரூபாயும் நகர்த்த வேண்டாம்.

அட்வான்ஸ் எப்போது

இவ்வளவும் பார்த்த பிறகு. நடைமுறையில் 'இன்னொரு பார்ட்டி நாளைக்கு வர்றாங்க' என்ற தரகரின் ஒரு போன், வரிசையைத் தலைகீழாக்கிவிடும். டோக்கனாக ஏதாவது கொடுத்தே ஆக வேண்டுமென்றால் சிறு தொகையை வங்கி வழியாகக் கொடுத்து, 'சட்டக் கருத்துரை பாதகமாக வந்தால் திருப்பித் தருவேன்' என்று எழுதி வாங்குங்கள். விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். 2012 டிசம்பர் முதல் தமிழ்நாட்டில் அது கட்டாயம். பதிவானால் வில்லங்கத்தில் ஏறும், அதே வீட்டை இன்னொருவருக்கு விற்பது கடினமாகும். கடன் கிடைக்காவிட்டால் என்ன, காலக்கெடு தாண்டினால் என்ன என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

அசல் பத்திரங்களைக் கையில் வாங்கிப் பாருங்கள். கலர் ஜெராக்ஸைக் காட்டி 'அசல் பீரோவில் இருக்கு' என்பவரிடம் அசல் அடகுக் கடையில் இருக்கலாம். விற்பவருக்கே வீட்டுக் கடன் ஓடுகிறதென்றால், அவர் வங்கியிலிருந்து பாக்கித் தொகைக் கடிதமும் அங்கே உள்ள ஆவணப் பட்டியலும் வாங்கி, உங்கள் வங்கியின் காசோலை நேராக அந்தக் கடன் கணக்குக்குப் போகும்படி செய்யுங்கள்.

பதிவு முடிந்த அன்று வேலை முடியாது. ஒரு வாரம் கழித்து மறுபடி வில்லங்கம் போட்டு, உங்கள் பெயரும் சர்வே எண்ணும் அளவும் சரியாக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். தட்டச்சுப் பிழை இருந்தால் விற்பவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போதே பிழைத்திருத்தல் பத்திரம் போட்டுவிடலாம். தனி வீடும் மனையும் என்றால் பட்டா மாறுதல், உட்பிரிவு தேவையானால் சர்வேயர் வந்து அளக்கும் வரை பின்தொடர வேண்டும். சொத்துவரி, மின் இணைப்பு, குடிநீர் எல்லாம் பெயர் மாற வேண்டும். கடன் தீரும் நாளில் வங்கி 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், வங்கியால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் உங்களுக்கு. பத்திரம் கைக்கு வந்ததும் பலர் அத்தோடு விட்டுவிடுகிறார்கள். பத்திர ஒப்படைப்பு பதிவானது போலவே, கடன் தீர்ந்ததற்கான ரசீதையும் சார்பதிவகத்தில் பதிவு செய்ய வேண்டும். செய்யாவிட்டால், பத்து ஆண்டு கழித்து உங்கள் வீட்டை வாங்க வருபவர் போடும் வில்லங்கத்தில் அந்த அடமானம் அப்படியே நிற்கும்.